பாதிப் பேருக்குப் பாதி மலை

“ஒனக்கு வேற சோலியே கெடையாதா? பேரு எப்படி உண்டாகுது, சொல்லு எப்படி உண்டாகுதுன்னு கேட்டுக்கிட்டு, காலங்காத்தால வந்து கால நீட்டி உக்காந்திருக்க. எந்திரிச்சுப் போ. ஓ வீட்டு அடுப்புல என்னமோ கருகுது.”

இப்படித்தான் முதலில் உன்னைத் திட்டினேன். திட்டினால் போய்விடுவாய் என்று பார்த்தேன். நீயா போகிற ஆள்? “கருகட்டும், நீ சொல்லு” என்று வெற்றிலைத் தட்டை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய்.

தப்பு என்மேல்தான். எதிர்வீட்டுக்காரர் புது ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். பின்பக்கக் கண்ணாடியில் பேத்தியின் பேரை மினுமினுவென்று ஒட்டியிருந்தார். த்ரிஷ்வனிகா. நான் அதை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அவர் கழுவி முடித்து, துடைத்து முடித்து, ஜீப்பைக் கிளப்பி முனை திரும்பிவிட்டார். கடைசி எழுத்து தெருமுனையில் போகும்போதுதான் பிடித்தேன். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதைப் பார்த்துத்தானே நீ கேட்டாய், இந்த மாதிரிப் பேரெல்லாம் எங்கிருந்து முளைக்கிறது என்று?

இதைக் கேட்க நல்ல ஆளைப் பிடித்தாய். நான் மூணாங் கிளாஸ். அதிலும் ரெண்டாங் கிளாஸில் இரண்டு வருசம் இருந்தேன். அந்த வாத்தியாருக்கு என்னைப் பிரிய மனசில்லை. எழுத்து எனக்குத் தூரத்துச் சொந்தம். கல்யாண வீட்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். ஆனால் சொல் அப்படியில்லை. சொல்லை நான் கையால் கட்டியிருக்கிறேன்.

ஜீப்பு போன பிறகு தெருவில் ஒரு வாசம் நின்றது, கவனித்தாயா? நம் ஊரில் டீசல் வாசம் தனியாக வராது. பின்னாலேயே ஏலக்காய் வாசமும் வரும், புருசன் பின்னால் பொண்டாட்டி வருகிற மாதிரி. அந்த இரண்டும் கலந்த வாசத்துக்குப் பேர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. நாங்கள் வைத்திருந்தோம். டீசலேலம். “இன்னிக்கு டீசலேலம் தூக்குதே, லோடு ஏறுது போல” என்போம். நீ சிரிக்காதே. அன்றைக்கு எங்களுக்கு அது ரொம்ப வேண்டியிருந்தது.

அப்போது நான் விடிவதற்கு முன்னால் எழுந்து, தூக்குச்சட்டியில் கஞ்சியோடு மலைக்கு ஜீப்பு ஏறுவேன். ஜீப்பு செல்வம் அண்ணனுடையது. “இதுல எத்தன பேரு ஏறலாம்ணே?” என்று யார் கேட்டாலும், “இன்னும் ஒருத்தர்” என்பார். ஒருத்தி மடியில் ஒருத்தி, அவள் மடியில் எல்லாருடைய தூக்குச்சட்டி, பின்னால் தொங்குகிறவர்கள் கையில் உயிர். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மொத்த ஜீப்பும் ஒரே குரலில் “ஆத்தா!” என்று கத்தும். போடிமெட்டில் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. அதற்கும் அந்தப் பக்கம், குளிரில் கிடந்தது எங்கள் எஸ்டேட்.

ஏலச்செடி என்று பேருக்குத்தான் செடி. உள்ளே போனால் ஆளை முழுங்கிவிடும். காய் மேலே காய்க்காது, தூரிலிருந்து தரையோடு ஓடுகிற சரத்தில் காய்க்கும். அதனால் செடி வரிசையில் ஆளுக்கு ஒரு நெரை பிடித்துக் குனிந்துகொண்டே போவோம். பக்கத்து நெரையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. பாம்போ அட்டையோ மழையோ, எதுவாக இருந்தாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்துவதில் ஒரு சங்கடம். எங்களில் பாதிப் பேர் போடிக்காரிகள், பாதிப் பேர் பூப்பாறைப் பக்கத்து மலையாளத்துக்காரிகள். நான் என் பேச்சில் கத்தினால் பக்கத்து நெரை லீலா சேச்சிக்குப் புரியாது. அவர் கத்தினால் எனக்குப் புரியாது. புரியவைத்து முடிப்பதற்குள் அட்டை குடித்துவிட்டு ஏப்பமும் விட்டுவிடும்.

அதனால் இரண்டையும் சேர்த்தே கத்தினோம். சீக்கிரம் வா என்பதற்கு நாங்கள் வெரசா, அவர்கள் வேகம். சேர்த்துக் கட்டினால் வெரசாவேகம். எங்கள் குளிரும் அவர்களுடைய தணுப்பும் சேர்ந்து தணுப்புக்குளிரு. அதைச் சொன்னாலே இரண்டு மடங்கு நடுக்கும். எங்கள் கருவாடு, அவர்களுடைய உணக்கமீன். தூக்குச்சட்டியைத் திறந்தால் உணக்கக்கருவாடு. சூப்பர்வைசர் இங்கிலீஷில் ஏதாவது சொன்னால் அதையும் விட மாட்டோம். நடுசென்டரில் நில்லு, கேட்டுவாசலில் வை, லோடுச்சுமையை இறக்கு.

பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. என் மாமனார் காலத்தில் மலைக்குக் கழுதைப் பொதிதான் போகும். ஒரு பக்கம் அரிசி, ஒரு பக்கம் பருப்பு. இரண்டு பக்கமும் பாரம் சரியாக இருந்தால் கழுதை வாயைத் திறக்காது. ஒரு பக்கம் கூடினால் பள்ளத்தில் உருண்டுவிடும். எங்கள் சொல் எல்லாம் அந்தக் கழுதைகள்தான். ஒரு பக்கம் அவர்கள் பாரம், ஒரு பக்கம் எங்கள் பாரம். எத்தனை வளைவு ஏறினாலும் சரியாது.

கழுதை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நம் ஆட்களுக்கு ஒரு சொல்லைச் சொன்னால் போதாது, அதற்கு ஒரு வாலும் ஒட்ட வேண்டும். பஸ்சு கிஸ்சு, மழை கிழை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லீலா சேச்சி வீட்டு வாசலில் நனைந்துகொண்டு போய் நின்றேன். “சேச்சி, காப்பி கீப்பி இருக்கா?”

சேச்சி காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தார். திரும்பி வந்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “காப்பி உண்டு. கீப்பி இவிடெ இல்லல்லோ” என்றார்.

நான் சும்மா இருப்பேனா? “பரவால்ல சேச்சி. அடுத்த தடவ வாங்கி வைங்க.”

பாவம், பூப்பாறைக் கடையில் போய்க் கேட்டிருக்கிறார். அந்தக் கடைக்காரர் நம் ஊர்க்காரர். முகத்தைத் துளி மாற்றாமல், “கீப்பி ஸ்டாக் இல்ல சேச்சி. திங்கக்கெழம வரும்” என்றாராம். உண்மை தெரிந்த அன்றைக்கு நெரை நெரையாக என்னை விரட்டி, ஈரச் சாக்கால் முதுகில் சாத்தினார். அதிலிருந்து நாங்கள் உயிர்ச் சிநேகிதம்.

இப்படி இருக்கும்போதுதான் பேச்சி என்னிடம் வந்தாள், பேர் கட்டித் தரச் சொல்லி.

பேச்சி தேவாரத்துப் பெண். மழை இல்லாத ஒரு வருசம், நம் தெருவில் இருந்த அவள் அத்தை வீட்டுக்கு வந்து, எங்களோடு ஜீப்பு ஏறினாள். என்னை மதினி என்பாள். எங்கள் எஸ்டேட்டில் ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோருக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தவன் ஷாஜி. புகையில் கண் எரிகிறது என்று இவள் ஸ்டோர்ப் பக்கமே போவதில்லை. திடீரென்று ஒரு மாசம் ஸ்டோர்ப் பக்கம் மட்டுமே போனாள். எனக்கு அப்போதே தெரியும். கல்யாணம் நடந்தது, அந்தப் பக்கத்துக் கோயிலில். பேச்சியின் அப்பா முத்தையா வரவில்லை. “மலைக்கு அங்கிட்டுப் போனவ போனவதான்” என்று சொல்லிவிட்டார். மெட்டைத் தாண்டியதே இல்லை அந்த மனுசன். தேவாரத்தில் அவர் மக்காச்சோளத்தைத் தின்ன வருகிற யானைகூட, அவர் குரல் கேட்டால் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும் என்பார்கள். அப்படிப் பிடிவாதம்.

பிறகு பேச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முத்தையா மாமா பஸ்சில் வந்த ஒருத்தரிடம் சொல்லிவிட்டார்: “எங்காத்தா பேரு வெள்ளத்தாயி. அந்தப் பேர வச்சா வர்றேன். இல்லாட்டி எனக்குப் பேத்தியே இல்ல.”

நமக்கு அதுதானே வழக்கம்? பேரன் என்றாலே பாட்டன் பேரைச் சுமக்கிறவன். நமக்குப் பேர் வெண்கலப் பானை மாதிரி. ஒருத்தர் போனால் அடுத்தவர் விளக்கிப் புழங்குவோம். ஷாஜி வீட்டில் வேறு. அவர்களுக்குப் பேர் அன்றன்றைக்கு வடிக்கிற சோறு. அவன் கூடப்பிறந்தவர்கள் ஷீஜா, ஷைஜு, ஷிஜி, ஷோஜன். ஒரே சரத்துக் காய்கள். நான் யாரைக் கூப்பிட்டாலும் வேறு யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஷாஜியின் அம்மா தேவகியம்மா என்னிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “பழைய பேரு ஞங்ஙள் வைக்கில்லா. அச்சன்டெ பேரும் அம்மடெ பேரும் முறிச்சுக் கூட்டி, புதுசா ஒண்ணு உண்டாக்கும்.”

இரண்டு பக்கமும் இறங்கி வரவில்லை. அவர்கள் வழக்கப்படி இருபத்தெட்டாம் நாள் குழந்தை இடுப்பில் கறுப்புக் கயிறு மட்டும் கட்டினார்கள். பேரைத் தள்ளி வைத்தார்கள். மாசங்கள் போயின. குழந்தை குப்புற விழுந்து தலையைத் தூக்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், இன்னும் பேர் இல்லை. கடைசியில் தேவகியம்மா கெடு வைத்தார். முதல் சோறு ஊட்டுகிற அன்றைக்குப் பேர் வைத்தே ஆக வேண்டும்; யார் வந்தாலும் வராவிட்டாலும் சரி.

அன்றைக்கு மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது பேச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மதினி, எனக்கு எந்தப் பேரா இருந்தாலும் சரிதான். சோறூட்டுறன்னிக்கு எங்கப்பா என் வீட்டு வாசல்ல நிக்கணும். அம்புட்டுத்தான். நீ பொழுதன்னிக்கும் சொல்லு கட்டுறேல்ல? ரெண்டு பக்கமும் தலையாட்டுற மாதிரி ஒரு பேரக் கட்டிக் குடு.”

“இவ்வளவுதான? சாயங்காலம் வந்து வாங்கிக்கோ” என்றேன். என் வாய் எப்போதும் என்னை விட இரண்டு நெரை முன்னால் போகும்.

சாயங்காலமாவது? பல நாள் ஆயிற்று. மொத்த நெரையும் வேலையில் இறங்கியது. செடிக்குள்ளிருந்து ஒவ்வொரு குரலாக வரும். ஷாஜியையும் பேச்சியையும் வெட்டிச் சேர்த்தோம்.

“ஷாச்சி!”

“ஊறுகா பேரு மாதிரி இருக்கு.”

“பேஜி!”

“பஜ்ஜிக்குத் தங்கச்சியா?”

வெள்ளத்தாயியை அரிந்து ஒட்டிப் பார்த்தோம். வெள்ளஷா என்றால் வேட்டிக்குப் போடுகிற நீலம் மாதிரி இருந்தது. ஷாத்தாயி என்றால் பக்கத்து நெரையில் யாரோ தும்மினார்கள் என்று நினைத்து, லீலா சேச்சி “குடிக்கான் சுக்குக்காப்பி வேணோ?” என்று கேட்டார். பேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு செடிக்குள் உட்கார்ந்துவிட்டாள்.

கங்காணி ஓடி வந்தார். “நெரையில என்னம்மா கூத்து? காயப் பறிங்க. பேரப் பறிக்காதீங்க.” தலையில் அடித்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் அதே கங்காணி திரும்பி வந்து, தொண்டையைச் செருமி, “ஷாப்பேச்சின்னு வச்சா எப்படி இருக்கும்?” என்றார். அன்றைக்குக் காய் கொஞ்சம்தான் சேர்ந்தது.

குழந்தை நிழல்மரத்தில் கட்டின சேலைத் தொட்டிலில் கிடப்பாள். கட்டின ஒவ்வொரு பேரையும் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய்ச் சொல்லிப் பார்ப்போம். அவள் எதற்கும் அசையவில்லை. கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, ‘இவளுகளுக்குச் சோலியே கெடையாதா’ என்பது மாதிரிப் பார்ப்பாள்.

அதற்காக ஒரு குழந்தையைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? லீலா சேச்சி கூட்டம் மகளே என்பதற்கு மோளு என்றது, நாங்கள் புள்ள என்றோம். எப்போது ஒட்டியது, யார் ஒட்டினது, யாருக்கும் தெரியாது. மோளுப்புள்ள முழிச்சிருச்சா பாரு. மோளுப்புள்ளைக்கு வெயிலடிக்குது, சேலைய இழுத்து விடு. போகிற வருகிற ஒவ்வொருத்தியும் தொட்டிலைப் பார்த்து “மோளுப்புள்ளேய்!” என்று ஒரு சத்தம் கொடுப்பாள். குழந்தை கட்டைவிரலை விட்டுவிட்டுச் சிரிப்பாள். நாங்களும் சிரித்துவிட்டு மறுபடி பேர் கட்டப் போய்விடுவோம். இது பேர் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. தலையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற கூட்டம் நாங்கள்.

பேர் ஆகவில்லை, சோறூட்டுகிற நாள் நெருங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பஸ்சு ஏறித் தேவாரம் போனேன். முத்தையா மாமா மக்காச்சோளக் காட்டு ஓரத்தில், யானை வந்தால் சத்தம் கேட்கத் தகர டப்பாக்களைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு டப்பாவைத் தட்டினார். யானைக்குத் தட்டினாரா எனக்குத் தட்டினாரா, தெரியவில்லை.

“மாமா, பேத்திக்குப் பேரு வைக்கிறாக. நீங்க வரணும்.”

“எங்காத்தா பேரு அதுல இருக்கா?”

“இருக்கு மாமா.”

“முழுசாவா?”

பொய் சொல்ல நான் அஞ்சுகிறவள் இல்லை. ஆனால் அந்த மனுசன் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. “பாதி” என்றேன்.

“பாதியா? எங்காத்தா என்ன பாதி ஆளா?”

“புள்ளையும் பாதி அவுகளதுதான மாமா? ஒரு பக்கமே பாரம் ஏத்துனா கழுத உருண்டுறாதா?”

கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நிமிராமலேயே சொன்னார்: “சரி. பாதிப் பேருக்குப் பாதி மல ஏறுறேன். மெட்டு வரைக்கும் வருவேன். செக்போஸ்ட்டுக் கம்பத் தாண்ட மாட்டேன்.”

கேலி பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன். ஊரையெல்லாம் கேலி பேசுகிறவளுக்கு அடுத்தவர் கேலி பேசுகிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்கத் தெரியாது. இன்னும் கட்டாத பேரில் பாதியை அவருக்குக் கொடுத்தாயிற்று. மீதிப் பாதியை அன்றைக்கு மறுநாளே தேவகியம்மாவுக்கும் கொடுத்துவிட்டேன்.

அந்த நாள் வந்தது. பேச்சி வீட்டில் வாழையிலை விரித்து, சோறு பொங்கி, விளக்கு ஏற்றி உட்கார்ந்திருந்தோம். செல்வம் அண்ணன் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார், தனியாக.

“ஒங்க மாமா புதுவேட்டி கட்டி, மெட்டு டீக்கடையில உக்காந்திருக்காரு. வாங்கன்னா, கம்பத் தாண்ட மாட்டேங்கறாரு. பாதிப் பேரு, பாதி மலங்கறாரு. எனக்கு ஒரு எழவும் புரியல.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் விளக்குத் திரியைத் தூண்டினேன்.

பேச்சி அழுதாள். கொஞ்சம்தான். பிறகு முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டுக் குழந்தையைத் தூக்கினாள். “என் வாசலுக்கு வர மாட்டாருன்னா, வாசல நான் அங்க கொண்டு போறேன். அண்ணே, ஜீப்ப எடுங்க.”

தேவகியம்மா “பற்றில்லா, பற்றில்லா, இது எவிடத்தெ மரியாதெ!” என்று கத்தினார், முடியவே முடியாதாம். கத்திக்கொண்டே சோற்றுப் பானையை மடியில் வைத்து ஜீப்பில் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டார். நாங்கள் விடுவோமா? மொத்த நெரையும் ஏறியது. ஷாஜி பின்னால் தொங்கினான்.

மெட்டில் கம்பு இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் முத்தையா மாமா. இந்தப் பக்கம் சோற்றுப் பானையோடு தேவகியம்மா. இரண்டு பேரும் ஓர் அடி நகரவில்லை. செக்போஸ்ட் போலீஸ்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார்.

“என்னம்மா கூட்டம்? பானையில என்ன?”

“சோறு சார். பேரு வைக்கிறோம்.”

“செக்போஸ்ட்டுக்கா?”

“புள்ளைக்கு சார்.”

அவர் எங்களையும் பானையையும் பார்த்தார். “வெரசா வச்சுட்டு நகருங்க. பஸ்சு வருது” என்றார்.

பேச்சி தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு மகள் இவ்வளவு கிட்டத்தில் நிற்பது அதுதான் முதல் தடவை. இவள் கம்புக்கு மேலே குழந்தையை நீட்டிப் பிடித்தாள்.

அவர்கள் வழக்கம், ஒரு காதை வெற்றிலையால் மூடி மறு காதில் பேர் சொல்வது. நம் வழக்கம், நாக்கில் சீனித்தண்ணி தொட்டு வைத்துக் காதில் சொல்வது. இவர் முந்திவிடுவாரோ என்று அவர் வெற்றிலையோடு குனிந்தார். அவர் முந்திவிடுவாரோ என்று இவர் சீனித்தண்ணியோடு குனிந்தார். மடார்! மண்டையும் மண்டையும் மோதின சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது. வெற்றிலை பறந்தது. சீனித்தண்ணி போலீஸ்காரர் சட்டையில்.

குழந்தை இரண்டு மூஞ்சியையும் பார்த்துவிட்டு வீரிட்டாள். மெட்டே அதிர்ந்தது. இரண்டு பேரும் வைக்க வந்த பேரை மறந்துவிட்டார்கள். தேவகியம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, “மோளே... மோளூ...” என்றார். மாமா அந்தப் பக்கமிருந்து, “புள்ள... ஏ புள்ள...” என்றார். இந்தப் பக்கம் ஒரு மோளு, அந்தப் பக்கம் ஒரு புள்ள. குழந்தை அழுகையை நிறுத்தவில்லை.

லீலா சேச்சிக்கு வாய் சும்மா இருக்குமா? நெரையில் கொடுக்கிற மாதிரியே ஜீப்பிலிருந்து சத்தம் கொடுத்தார்: “மோளுப்புள்ளேய்!”

நாங்களும் பழக்கத்தில் சேர்ந்து கத்தினோம்.

குழந்தை கப்பென்று நிறுத்தினாள். கழுத்தைத் திருப்பி எங்களைத் தேடினாள். பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

“எந்தா விளிச்சது?” என்றார் தேவகியம்மா.

“மோளுப்புள்ள” என்றாள் பேச்சி. “நெரையில எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாக.”

தேவகியம்மா மனசுக்குள் எடை போட்டார். முறித்துக் கூட்டினது, புதுசு, இதுவரை யாருக்கும் இல்லாதது. “மோளு ஞங்ஙடெ” என்றார், மெதுவாக. மோளு அவர்கள் பக்கத்துச் சொல்லாம்.

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். அவர் ஆத்தா பேர் இதில் எங்கே இருக்கிறது? நான் பாதி என்று சொன்னேனே, அந்தப் பாதி எங்கே? என் நாக்கு ஒட்டிக்கொண்டது. வாழ்நாளில் என் நாக்கு ஒட்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

பஸ்சு வந்து நின்று ஹாரன் அடித்தது. மாமாவுக்கு அது காதில் விழவில்லை.

“எங்கய்யா ஒரு தடவகூட எங்காத்தாள வெள்ளத்தாயின்னு கூப்பிட்டதில்ல” என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. “ஏ புள்ள, ஏ புள்ளன்னுதான் கூப்பிடுவாரு. காட்டுக்குள்ள நின்னு கூப்பிட்டா வீடு வரைக்கும் கேக்கும். அதுக்குத்தான் எங்காத்தா திரும்பும்.”

அப்புறம் குனிந்தார். தேவகியம்மா இந்தத் தடவை விலகி இடம் கொடுத்தார். ஒரு காதில் அவர் மூன்று தடவை, ஒரு காதில் இவர் மூன்று தடவை. மோளுப்புள்ள, மோளுப்புள்ள, மோளுப்புள்ள. பஸ்சில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “என்ன பேரு? என்ன பேரு?” என்று கேட்டார்கள். சோற்றை அங்கேயே, கம்பின்மேல் பானையைத் தாங்கிப் பிடித்து ஊட்டினோம். போலீஸ்காரருக்கும் ஒரு உருண்டை.

பிறகு பஸ்சுக்காகக் கம்பு ஏறியது. மாமா கையில் குழந்தை. எல்லாரும் ஓரமாக ஒதுங்கினோம். பஸ்சு போனது. கம்பு இறங்கவில்லை, போலீஸ்காரர் சோறு தின்றுகொண்டிருந்தார். மாமா அந்தக் கம்பை அண்ணாந்து பார்த்தார்.

“பேரு முழுசாயிருச்சு. மீதி மலையும் ஏறணும்ல?” என்று சொல்லிக்கொண்டே நடந்து வந்து ஜீப்புக் கதவைப் பிடித்தார். “தள்ளி உக்காருங்க ஆத்தா.”

உள்ளே மூச்சுவிட இடமில்லை. செல்வம் அண்ணன் திரும்பிப் பார்த்து, “ஏறுங்க. இன்னும் ஒருத்தர்” என்றார்.

வீடு வந்ததும் பேச்சி ஜீப்பு நிற்பதற்கு முன்னால் குதித்து ஓடினாள். வாசலில் போய் நின்று, தலையை ஒதுக்கி, சேலையைச் சரிசெய்து, அப்போதுதான் அவரைப் பார்க்கிற மாதிரி, “வாங்கப்பா” என்றாள். அவர் செருப்பைக் கழற்றினார். அவ்வளவுதான். நான் அதற்கு மேல் பார்க்கவில்லை, கண்ணில் ஸ்டோர்ப் புகை. அன்றைக்கு ஸ்டோர் எரியவில்லை என்று லீலா சேச்சி சொன்னார். அவருக்கு என்ன தெரியும்?

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், தேவகியம்மாவும்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மோளுப்புள்ளைக்கு வேறு பேர் கொடுத்தார்கள். அவள் அம்மாகூட அதை ஆபீசர்கள் முன்னால் மட்டும்தான் சொல்வாள். இப்போது அவள் பிள்ளைகளுக்கு அவளே போனில் பார்த்துப் பேர் வைத்திருக்கிறாள். அதைச் சொல்ல வேண்டுமானால் நான் முதலில் உட்கார வேண்டும். அந்த எஸ்டேட் நெரையில் இன்றைக்கு வேலை செய்கிறவர்கள் வடக்கே எங்கிருந்தோ வந்தவர்கள், நல்ல பிள்ளைகள். ஆளுக்கு ஒரு காதில் போன் பாட்டு. யாரும் யாரையும் கூவிக் கூப்பிடுவதில்லை. போன வருசம் போய்ப் பார்த்தேன். சீக்கிரம் என்பதற்கு ‘ஜல்தி’ என்று ஒரு சொல் மட்டும் தனியாக நின்றது, ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏற்றின கழுதை மாதிரி. மறுபக்கம் ஏற்ற ஆள் இல்லை. நான் சும்மா ஒரு தடவை செடிக்குள் பார்த்து “வெரசாவேகம்!” என்று கத்தினேன். ஒரு பறவை பறந்தது.

நம் தெருக்குழாயும் இப்போது இல்லை, வீட்டுக்கு வீடு பைப்பு வந்துவிட்டது. பேர் வைத்த அன்றைக்குச் சாயங்காலம் நான் ஜீப்பை விட்டு இறங்கியபோது அந்தக் குழாயடியில் தெருவே குடத்தோடு நின்றது, பேச்சியின் அத்தை முன்னால். “என்னாச்சு? முத்தையாண்ணே போனாரா? என்ன பேரு? யாரு கட்டுனா?”

நான் தூக்குச்சட்டியை இறக்கி வைத்து, இடுப்பில் கையை ஊன்றினேன்.

“யாரு கட்டுனாவா? வேற யாரு, நாந்தேன். அந்த மனுசன் பாதிப் பேருக்குப் பாதி மலையில உக்காந்துட்டாரு. மீதிப் பேரக் கட்டிக் கீழ விட்டு, அதப் பிடிச்சுத்தான் மேல இழுத்தேன். கையப் பாருங்கடி, எப்படிச் செவந்திருக்குன்னு.”